தெருவே சொல்லணும், மெதுவா போன்னு

போன இதழ்ல ஒரு வாசகி "வாசல்ல கோலம் போடவே பயமா இருக்கு, வண்டிங்க அப்படிப் பறக்குது"ன்னு எழுதியிருந்தாங்க, அதுக்கு நாலே வரியில, போர்டு வெச்சா வேகம் குறையாது, ரோட்டோட அமைப்பை மாத்தினாத்தான் குறையும்னு பதில் போட்டிருந்தேன். அந்த நாலு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும்னு எதிர்பார்க்கல. அதனால இந்த தடவை பக்கம் முழுக்க இந்த ஒரு விஷயத்துக்கே. சிலர் ஒரே கேள்வியை வேற வேற மாதிரி கேட்டிருந்தாங்க, அதையெல்லாம் சேர்த்துட்டேன்.

கேள்வி: எங்க தெருவுல '30 கி.மீ. வேகம்'னு போர்டு வெச்சு ரெண்டு வருஷம் ஆகுது. ஒருத்தரும் மதிக்கல. கடுமையா ஃபைன் போட்டாத்தானே திருந்துவாங்க? நீங்க ஏன் ரோட்டைக் குறை சொல்றீங்க?

பதில்: ஃபைன் போடறவர் நிக்கிற வரைக்கும் மெதுவா போவாங்க, அவர் அந்தப் பக்கம் போனதும் பழையபடிதான். இருபத்திநாலு மணி நேரமும் ஒவ்வொரு தெரு முக்குலயும் ஆள் நிறுத்த யாராலயும் முடியாது. ஆனா ரோடு இருபத்திநாலு மணி நேரமும் அங்கயேதான் இருக்கு.

நாம வண்டி ஓட்டும்போது என்ன பண்றோம்னு கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க, ஸ்பீடாமீட்டரைப் பார்த்து ஓட்டறவங்க ரொம்பக் கம்மி, ரோட்டைப் பார்த்துத்தான் கால் ஆக்சிலேட்டரை அழுத்துது. முன்னாடி அரை கிலோமீட்டர் நேரா தெரியுது, லேன், அதாவது ஒரு வரிசை வண்டி போற தடம், அகலமா இருக்கு, ரெண்டு பக்கமும் எதுவும் இடிக்கிற மாதிரி இல்ல, அப்படின்னா மனசு 'போலாம்'னு சொல்லிடும். ஓட்டறவர் கெட்டவர்னு அர்த்தம் இல்ல. ஹைவேயில லேனை மூணரை மீட்டருக்கு மேல வெக்கிறதுக்குக் காரணம் இருக்கு, நூறு கிலோமீட்டர் வேகத்துல ஸ்டியரிங் கொஞ்சம் ஆடினாலும் பக்கத்து வண்டி மேல இடிக்கக் கூடாது. அந்த அளவை அப்படியே கொண்டுவந்து வீடும் பள்ளிக்கூடமும் இருக்கிற தெருவுல போட்டா, ஹைவே வேகமும் கூடவே வந்துடுது. ஊருக்குள்ள மூணு மீட்டர் லேன் போதும். மிச்சமாகிற இடத்துல நடைபாதையை அகலப்படுத்தலாம், மரம் வெக்கலாம். மரம் ரோட்டோரமா வரிசையா நின்னா தெரு குறுகலா தெரியும், தானா கால் லேசாகும். போர்டு '30'னு சொல்லி, ரோடு '60'னு சொன்னா, ஜனங்க ரோடு சொல்றதைத்தான் கேப்பாங்க.

கேள்வி: 30ல போனா என்ன, 50ல போனா என்ன சார்? ரெண்டும் மெதுவான வேகம்தானே. இதுக்குப் போய் இவ்வளவு செலவா?

பதில்: இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் பொறுமையா பதில் சொல்லணும், ஏன்னா முழு விஷயமும் இதுலதான் இருக்கு.

ஒரு குழந்தை பந்து பின்னாடி ஓடி, நிறுத்தி வெச்ச வண்டிக்கு நடுவுல இருந்து திடீர்னு ரோட்டுல வருதுன்னு வெச்சுக்குங்க. உங்க வண்டிக்கும் அந்தக் குழந்தைக்கும் நடுவுல 13 மீட்டர். கண்ணு பார்த்து, மூளை புரிஞ்சுக்கிட்டு, கால் பிரேக்குக்குப் போக ஏறக்குறைய ஒரு செகண்ட் ஆகும். 30ல போனா அந்த ஒரு செகண்டுல வண்டி 8 மீட்டர் போயிருக்கும், அப்புறம் நல்லா பிரேக் பிடிச்சா இன்னும் 5 மீட்டர்ல நின்னுடும். குழந்தைக்கு முன்னாடி பம்பர் வந்து நிக்கும், குழந்தை பயந்து அழும், நீங்க கை நடுங்க உக்காந்திருப்பீங்க. அவ்வளவுதான்.

அதே இடம், அதே குழந்தை, அதே நல்ல டிரைவர், வேகம் மட்டும் 50. அந்த ஒரு செகண்டுல வண்டி 14 மீட்டர் போயிடும். அதாவது கால் பிரேக்குல படறதுக்கு முன்னாடியே குழந்தை மேல மோதியாச்சு, வேகம் ஒரு துளி கூட குறையாம. இதுல டிரைவர் திறமைக்கு வேலையே இல்ல, யார் ஓட்டினாலும் இதேதான்.

மோதற வேகத்தோட கணக்கும் நேர்க்கணக்கு கிடையாது. வேகம் ரெண்டு மடங்கானா இடியோட சக்தி நாலு மடங்கு, 30க்கும் 50க்கும் நடுவுல மட்டும் ஏறக்குறைய 2.8 மடங்கு. 30ல அடிபட்டவங்க பெரும்பாலும் பிழைச்சுக்குவாங்க. 50ல உயிர் போற ஆபத்து பல மடங்கு ஏறிடும், வயசானவங்களுக்கு இன்னும் அதிகம். 2020ல ஸ்டாக்ஹோம்ல உலக நாடுகளோட அமைச்சர்கள் கூடின சாலைப் பாதுகாப்பு மாநாட்டுப் பிரகடனத்துல, நடக்கிறவங்களும் சைக்கிள்காரங்களும் வண்டிகளோட கலந்து போற இடத்துல 30தான் உச்சம்னு எழுதினதுக்குக் காரணம் இதுதான்.

கேள்வி: நாங்க தெருக்காரங்களே காசு போட்டு சிமெண்ட்ல ஒரு ஸ்பீடு பிரேக்கர் போட்டுட்டோம். ராத்திரியில ரெண்டு பைக்காரங்க விழுந்துட்டாங்க. எடுத்துடலாமா, வேண்டாமா?

பதில்: எடுத்துடுங்க. இன்னைக்கே. உங்க ஆதங்கம் எனக்குப் புரியுது, ஆனா அந்த மேடு இப்ப இருக்கிற நிலைமையில யாரையாவது கொன்னுடும்.

ஒரு அடி அகலத்துல செங்குத்தா எழுப்பற குட்டை மேட்டுல ரெண்டு தப்பு இருக்கு. பைக்குக்கு அது ஒரு சுவர். காருக்கோ நேர் எதிரா நடக்குது, மெதுவா போனா தூக்கிப் போடும், வேகமா போனா சக்கரம் மட்டும் ஏறி இறங்கும், ஸ்பிரிங் அந்த அதிர்ச்சியை விழுங்கிடும், உள்ள இருக்கிறவருக்கு ஒண்ணும் தெரியாது. அதாவது மெதுவா வர்றவரைத் தண்டிச்சு வேகமா வர்றவரை விட்டுடற மேடு அது.

இதுல ஒரு சுவாரஸ்யமான வரலாறு இருக்கு. 1927ல இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கின ஆர்தர் காம்ப்டன், அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் நகரத்துல இருக்கிற வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குத் தலைமைப் பொறுப்புல இருந்தப்ப, பிரதான கட்டடத்துக்கு முன்னாடி வண்டிங்க வேகமா போறதைப் பார்த்துட்டு 1953ல தானே உக்காந்து வேகத்தடை டிசைன் பண்ணினார். இருபது வருஷம் கழிச்சு, 1973ல, பிரிட்டன் அரசோட சாலை ஆராய்ச்சிக்கூடத்துல வாட்ஸ்னு ஒருத்தர் பல வடிவங்களை வண்டி ஓட்டி ஓட்டி சோதிச்சுப் பார்த்து, 3.7 மீட்டர் நீளத்துக்கு, 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு, வில்லு மாதிரி வளைஞ்ச மேடுதான் சரின்னு கண்டுபிடிச்சார். அந்த நீளத்துக்கு ஒரு காரணம் உண்டு. காரோட முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே நேரத்துல மேட்டு மேலயே இருக்கும், முழு வண்டியும் ஏறி இறங்கும், அதனால மெதுவா போனா ஒண்ணும் தெரியாது, வேகம் கூடக் கூட உடம்புக்குக் குலுக்கலும் கூடும். நமக்கு வேண்டியது அதுதானே.

இன்னும் நாலஞ்சு விஷயம் இருக்கு. ஒரே ஒரு மேடு போட்டா அங்க மட்டும் பிரேக் போட்டுட்டு அடுத்த நிமிஷம் விட்ட நேரத்தைப் பிடிக்க முறுக்குவாங்க, அறுபதுல இருந்து நூறு மீட்டருக்கு ஒண்ணா வரிசையா இருந்தாத்தான் தெரு முழுக்க வேகம் சீரா இருக்கும். பெயிண்டும் ரிஃப்ளெக்டரும் வெளிச்சமும் கட்டாயம், பெயிண்ட் தேஞ்சா உடனே திரும்ப அடிக்கணும். ஓரத்துல மழைத் தண்ணி போக வழி விடணும், இல்லேன்னா மேட்டுக்கு ரெண்டு பக்கமும் குளமாகி, தார் பேந்து, பள்ளமாகி அது தனி ஆபத்து. வளைவுலயும் சரிவு முடியற இடத்துலயும் போடவே கூடாது. இதையெல்லாம் தெருக்காரங்க தனியா செய்ய முடியாது, சாலை எஞ்சினியர் வரணும். கேட்டு வாங்குங்க, சும்மா விடாதீங்க.

கேள்வி: நான் ஆம்புலன்ஸ் ஓட்டறேன். முதுகெலும்பு அடிபட்ட நோயாளியை ஏத்திக்கிட்டு மேடு மேடா போறப்ப அவங்க கத்தறதை நீங்க கேட்டதில்ல. உங்க பதில்ல எங்களை மறந்துட்டீங்க.

பதில்: மறந்துதான் போனேன், மன்னிச்சுக்குங்க. உங்க கடிதம் வந்த அப்புறம்தான் இந்த இதழுக்கு முதல்ல எழுதின பதிலை மாத்தி எழுதினேன்.

இதுக்கு ஒரு நல்ல வழி இருக்கு. ரோட்டோட அகலம் முழுக்க ஒரே மேடா போடாம, நடுநடுவுல இடைவெளி விட்டு மெத்தை மெத்தையா தனித்தனி மேடு வெக்கிறது. காரோட ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல அகலம் கம்மி, அதனால ஒரு பக்கச் சக்கரமாவது மேட்டுல ஏறியே ஆகணும். பஸ்ஸுக்கும் பெரிய ஆம்புலன்ஸுக்கும் அச்சு அகலம், ரெண்டு பக்கச் சக்கரமும் மேட்டைத் தொடாம இடைவெளியிலயே போயிடும். பைக்குக்கு இதுல தப்பிக்க இடம் உண்டுங்கிறது குறைதான், அதை ஒத்துக்கறேன். ஆஸ்பத்திரிக்குப் போற முக்கிய ரோட்டுல மேடே வேண்டாம், லேனைக் குறுக்கறது, ரவுண்டானா, நடுத்திட்டு இதையெல்லாம் வெச்சு வேகத்தைக் குறைக்கிறதுதான் சரி. எங்க மேடு வெக்கிறதுன்னு முடிவு பண்ற கூட்டத்துல ஆம்புலன்ஸ் ஓட்டறவர் ஒருத்தர் கண்டிப்பா உக்காரணும்.

கேள்வி: பள்ளிக்கூட வாசல்ல ஜீப்ரா கோடு இருக்கு. ஆனா அதுக்குப் பக்கத்துலயே ஒட்டி ஒட்டி கார் நிறுத்தறாங்க. பிள்ளைங்க எட்டிப் பார்த்தாத்தான் வண்டி வருதான்னே தெரியுது. என்ன செய்யலாம்? (ஒரு ஆசிரியை)

பதில்: டீச்சர், ஒரு நாள் அந்த ஜீப்ரா கோட்டு முனையில முட்டி போட்டு உக்காந்து பாருங்க. ஏழு வயசுப் பிள்ளையோட கண்ணு இருக்கிற உயரம் அது. நான் அப்படி ஒரு இடத்துல உக்காந்து பார்த்தேன். எனக்குத் தெரிஞ்சது ஒரு காரோட பின் விளக்கு, நம்பர் பிளேட், டயர் மேல காஞ்ச சேறு. ரோடுன்னு ஒண்ணு இருக்கிறதே தெரியல. நின்னு பார்த்தா எல்லாம் நல்லாத்தான் தெரியுது, அதனாலதான் பெரியவங்களுக்கு இது உறைக்கவே மாட்டேங்குது.

கோட்டுக்கு முன்னாடி ஆறு மீட்டராவது வண்டியே நிக்கக் கூடாது. 'நிறுத்தாதீர்'னு எழுதி வெச்சா நிறுத்துவாங்க, அதனால அந்த இடத்தை நடைபாதையோட சேர்த்துடணும், நடைபாதையை ரோட்டுக்குள்ள ரெண்டு மீட்டர் முன்னால நீட்டிடணும். அப்படிப் பண்ணினா மூணு நன்மை சேர்ந்து வரும், பிள்ளைங்க நிறுத்தின காருக்கு மறைவுல நிக்காம முன்னாடி வந்து நிப்பாங்க, தாண்ட வேண்டிய தூரம் குறையும், அந்த இடத்துல ரோடு குறுகறதால வண்டியும் மெதுவாகும். அமெரிக்காவுல நியூஜெர்சி மாநிலத்துல ஹோபோகன்னு ஒரு சின்ன நகரம், அங்க முக்கு முக்கா இப்படிப் பார்வையை மறைக்கிற பார்க்கிங்கை எடுத்துக்கிட்டே வந்தாங்க. 2017 ஜனவரிக்கு அப்புறம் பல வருஷம் தொடர்ச்சியா அந்த ஊர் ரோட்டுல ஒரு உயிர் கூடப் போகல. இது ஒண்ணு மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன், ஆனா அவங்க செஞ்சதுல முக்கியமானது இதுதான்.

அதோட ஜீப்ரா கோட்டையே நடைபாதை மட்டத்துக்கு மேடா உயர்த்திடச் சொல்லுங்க. இப்ப பிள்ளைங்க வண்டிங்களோட ரோட்டுல இறங்கறாங்க, அப்ப வண்டிங்கதான் பிள்ளைங்களோட நடைபாதை மேல ஏறி வரணும். ரோடு நாலு லேன்னா நடுவுல ஒரு திட்டு வேணும், பாதி தாண்டி நின்னு, மூச்சு விட்டு, மறு பக்கம் பார்த்து மீதியைத் தாண்டலாம். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல பார்த்துக் கணக்குப் போடறது சின்னப் பிள்ளைக்கும் கஷ்டம், வயசானவங்களுக்கும் கஷ்டம்.

கேள்வி: முக்குல திரும்பற வண்டிதான் எனக்குப் பயம். எனக்கு 71 வயசு, கைத்தடியோட நடக்கறேன்.

பதில்: ஐயா, அந்த முக்கோட வளைவு ரொம்ப அகலமா இருக்கும், அதான். வளைவு அகலமா இருந்தா பிரேக்கைத் தொடாமலே திரும்பலாம். வளைவை இறுக்கினா நடக்கிற வேகத்துக்கு வந்துதான் திரும்ப முடியும். லாரி திரும்பணுமேன்னு எஞ்சினியருங்க சொல்வாங்க, நியாயம்தான், அதுக்கு ஓரத்துல லேசா உயர்த்தின கல் விளிம்பு வெச்சுடலாம், லாரியோட பின்சக்கரம் அது மேல ஏறிப் போகும், கார்காரர் அதுல ஏற விரும்ப மாட்டார்.

கேள்வி: நாலு ரோடு சந்திப்புல சிக்னல் நல்லதா, ரவுண்டானா நல்லதா?

பதில்: இடம் இருந்தா, சின்ன ரவுண்டானா. சாதாரண நாலு முனைச் சந்திப்புல வண்டிங்க ஒண்ணை ஒண்ணு இடிச்சுக்க வாய்ப்புள்ள புள்ளிங்க 32, ஒரு லேன் ரவுண்டானாவுல அது 8. நேருக்கு நேர் மோதறதும் பக்கவாட்டுல குத்தறதும் ஏறக்குறைய இல்லாமலே போயிடும், உரசல்தான் நடக்கும். சிக்னல்ல மஞ்சள் விளக்கைப் பார்த்து முறுக்கறவங்க உண்டு, ரவுண்டானாவுல முறுக்க வழியே இல்ல. ஆனா மூணு லேன் சுத்தற பிரமாண்ட ரவுண்டானாவை இதோட சேர்க்காதீங்க, அது நடக்கிறவங்களுக்கு நரகம்.

கேள்வி: இதெல்லாம் வெளிநாட்டுல நடக்கும், அங்க ஜனங்களுக்கு ஒழுக்கம் இருக்கு. மத்த இடத்துல நடக்குமா?

பதில்: அங்கயும் ஒழுக்கம் வானத்துல இருந்து விழல. நெதர்லாந்துல 1971ல மட்டும் ரோட்டுல செத்தவங்க 3,000 பேருக்கு மேல, அதுல குழந்தைங்க 400க்கு மேல. இப்ப சைக்கிளுக்குப் பேர் போன அதே நாடுதான். மகளை விபத்துல பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் 1972ல 'குழந்தைக் கொலையை நிறுத்துங்க'ன்னு எழுதினார், அந்தத் தலைப்பே ஒரு இயக்கத்துக்குப் பேராச்சு. அப்பா அம்மாக்கள் பிள்ளைங்களோட ரோட்டுல உக்காந்தாங்க. டெல்ஃப்ட் நகரத்துல அதுக்கு முன்னாடியே, 1960களோட கடைசியில, தெருக்காரங்க வீட்டு முன்னாடி ரோட்டை வளைச்சு, மரமும் பெஞ்சும் வெச்சு, கார் நேரா போகவே முடியாதபடி பண்ண ஆரம்பிச்சிருந்தாங்க. 1976ல அரசாங்கம் அதுக்குச் சட்ட அங்கீகாரம் குடுத்துச்சு.

அதே நாட்டுல ஹான்ஸ் மாண்டர்மன்னு ஒரு எஞ்சினியர் இருந்தார், டிராக்டன் ஊர்ல பரபரப்பான ஒரு சந்திப்புல சிக்னலையும் பெரும்பாலான போர்டுகளையும் எடுத்துட்டார். பார்க்க வர்றவங்க முன்னாடி பின்பக்கமா நடந்தே ரோட்டைத் தாண்டிக் காட்டுவார், வண்டிங்க நின்னு வழி விடும். எனக்கு அவர் மேல பெரிய மரியாதை உண்டு. ஆனா கண்ணு தெரியாதவங்களுக்கு அந்த மாதிரி இடம் பெரிய சோதனை, அவங்களால டிரைவர் கண்ணைப் பார்த்துப் புரிஞ்சுக்க முடியாது, நடைபாதை விளிம்பே இல்லேன்னா கைத்தடிக்கும் வழி தெரியாது. பிரிட்டன்ல இதே குறை எழுந்து, 2018ல அரசே அந்த மாதிரி புதுத் திட்டங்களை நிறுத்தி வெக்கச் சொல்லுச்சு. அதனால அதை அப்படியே காப்பி அடிக்க வேண்டாம்.

ஆஸ்திரியாவுல கிராஸ் நகரம் 1992லயே முக்கிய ரோடுகளைத் தவிர மத்த எல்லாத் தெருவுக்கும் 30னு முடிவு பண்ணிடுச்சு. 2019ல ஹெல்சின்கியிலயும் ஆஸ்லோவுலயும் நடந்து போனவங்கள்ல ஒருத்தர் கூட சாலை விபத்துல சாகல. முழு வருஷம், ரெண்டு தலைநகரங்கள்ல. அங்க இருக்கிறவங்களும் அவசரமா ஆபீஸ் போறவங்கதான்.

கேள்வி: எல்லாரும் மெதுவா போனா நேரம் வீணாகாதா?

பதில்: ஒரு கிலோமீட்டரை 50ல போனா 72 செகண்ட், 30ல போனா 120 செகண்ட். வித்தியாசம் 48 செகண்ட், அதுவும் வழியில எங்கயும் நிக்காம போனாத்தான். ஊருக்குள்ள யாரும் அப்படிப் போறதில்ல, வேகமா போய் அடுத்த முக்குல நிக்கறோம். முக்கிய ரோட்டை விட்டு உங்க வீட்டுத் தெருவுக்குள்ள நீங்க ஓட்டறது அரை கிலோமீட்டர் இருக்குமா?

கேள்வி: எஞ்சினியர் ஆபீஸ்ல 'உங்க தெருவுல வேகமா போறாங்கன்னு ஆதாரம் என்ன'ன்னு கேக்கறாங்க. மெஷின் வாங்க எங்களால முடியாது.

பதில்: இதே கேள்வியை என்கிட்டயும் ஒரு ஆபீஸ்ல கேட்டாங்க, அன்னைக்குக் கோபமா வந்துச்சு, அப்புறம் யோசிச்சா நியாயமான கேள்விதான்னு தோணுச்சு. டேப் வெச்சு ரோட்டோரமா 50 மீட்டர் அளந்து ரெண்டு முனையிலயும் சாக்பீஸ்ல கோடு போட்டுக்குங்க. ஒருத்தர் முதல் கோட்டுல நின்னு கை தூக்கணும், இன்னொருத்தர் ரெண்டாவது கோட்டுல செல்போன் ஸ்டாப்வாட்சோட நிக்கணும். 180ஐ வர்ற செகண்டால வகுத்தா அதுதான் கி.மீ. கணக்குல வேகம். 6 செகண்ட்னா 30, 4.5 செகண்ட்னா 40, 3.6 செகண்ட்னா 50. நூறு வண்டி எழுதுங்க, காலையில பள்ளிக்கூட நேரத்துல ஒரு தடவை, ராத்திரி ரோடு காலியா இருக்கிறப்ப ஒரு தடவை. வேகத்தை வரிசைப்படுத்தி மெதுவானதுல இருந்து 85வது வண்டி எவ்வளவுல போச்சுன்னு பாருங்க, எஞ்சினியருங்க அந்த எண்ணைத்தான் முதல்ல கேப்பாங்க.

அப்புறம் நேரா கான்கிரீட் கேக்காதீங்க. ஒரு மாசத்துக்கு சோதனை பண்ணுங்கன்னு கேளுங்க, பிளாஸ்டிக் கோனும் செடித்தொட்டியும் பெயிண்டும் வெச்சு முக்கை இறுக்கிப் பார்க்கலாம், பிடிக்கலேன்னா ஒரே நாள்ல எடுத்துடலாம். நியூயார்க்ல டைம்ஸ் ஸ்கொயர்ல 2009ல கார் போக விடாம ரோட்டை மூடினப்ப முதல்ல போட்டது வெறும் மடக்கு நாற்காலிதான். சோதனைக்கு அனுமதி குடுக்க யாருக்கும் பெரிசா தயக்கம் இருக்காது. மாசக் கடைசியில அதே 50 மீட்டர்ல திரும்ப நூறு வண்டி எழுதுங்க, ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு அவங்க மேஜையில குடுங்க. போலீஸ் அனுமதி இல்லாம ரோட்டுல எதையும் நீங்களா வெக்காதீங்க, அளக்கறப்ப பிள்ளைங்களை ரோட்டோரம் நிறுத்தாதீங்க.

கேள்வி: நான் ஏழாவது படிக்கறேன். தெருவுல விளையாடறது தப்பா அங்கிள்?

பதில்: கண்ணு, வண்டி வேகமா போற தெருவுல வேண்டாம், அம்மா சொல்றதைக் கேளு. ஆனா தெருவுல விளையாடலாம்னு சட்டமே சொல்ற இடங்க இருக்கு. மேல டெல்ஃப்ட்னு ஒரு ஊரைப் பத்தி எழுதியிருக்கேன் பாரு, அந்த நாட்டுல அந்த மாதிரி தெரு ஆரம்பிக்கிற இடத்துல ஒரு நீலப் பலகை இருக்கும். அதுல ஒரு வீடு, ஒரு பெரியவர், பந்து விளையாடற ஒரு குழந்தை, ஒரு கார், நாலும் இருக்கும். அந்தப் பலகையைத் தாண்டினதும் கார் 15 கி.மீ. வேகத்துக்கு மேல போகக் கூடாது, தெருவோட முழு அகலத்துலயும் நீ விளையாடலாம்.